மழை மேல் பழி போடாதீர்கள்

"எதிர்பாராத கனமழையால் தடுப்புச் சுவர் சரிந்தது." மலை நகரத்தில் கட்டிக்கொண்டிருந்த ஒரு வணிக வளாகத்தின் தடுப்புச் சுவர் கீழே இருந்த கடைகளின் மேல் விழுந்ததைப் பற்றி, இரண்டு நாளாக எங்கே பார்த்தாலும் இந்த ஒரே வரிதான். படங்களை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள், நான் திரும்ப விவரிக்கப் போவதில்லை. கீழ்வரிசைக் கடைகளின் மேல் மண், மேலே பாதி எழும்பிய வணிக வளாகத்தின் தூண்கள் அந்தரத்தில். மலையில் மழை பெய்யும் என்பது யாருக்கு எதிர்பாராத செய்தி என்று மட்டும் சொல்லுங்கள்.

அந்தச் சுவரைத் தள்ளியது பின்னால் தேங்கி நின்ற தண்ணீர். மழைக்கும் தேங்கிய தண்ணீருக்கும் வித்தியாசம் இருக்கிறது. மழையை நிறுத்த யாராலும் முடியாது. தண்ணீரைத் தேங்கவிடாமல் வெளியேற்றுவது கட்டுபவரின் வேலை.

கணக்கோடு சொல்கிறேன். 6 மீட்டர் உயரச் சுவர். பின்னால் மணல் கலந்த மண், உராய்வுக் கோணம் (மண் தானாகச் சரியாமல் நிற்கும் சாய்வு) 30 டிகிரி, ஒரு கனமீட்டருக்கு 18 கிலோநியூட்டன் எடை (ஒரு கிலோநியூட்டன் என்பது சுமார் 100 கிலோ எடை). மண்ணில் தண்ணீர் நிற்காதவரை சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் அது 108 கிலோநியூட்டன் விசையோடு தள்ளும். அதாவது ஏறக்குறைய 11 டன். இப்போது பின்பக்கம் மேல்விளிம்பு வரை தண்ணீர் நிரம்பட்டும். தண்ணீரில் மூழ்கிய மண் எடை குறைந்து 61 கிலோநியூட்டன்தான் தள்ளும். ஆனால் தண்ணீர் தனியாக 177 தள்ளும். மொத்தம் 238, கிட்டத்தட்ட 24 டன். சறுக்கலுக்கு எதிராக 1.5 மடங்கு பாதுகாப்பு வைத்துக் கட்டிய சுவர் மீது 2.2 மடங்கு சுமை ஏறினால் அது எப்படி நிற்கும்? போதாததற்கு அடித்தளத்துக்குக் கீழே புகுந்த தண்ணீர் சுவரை மேல்நோக்கித் தூக்கி, தரையோடு இருந்த பிடிப்பையும் குறைத்துவிடும்.

இந்தக் கணக்கு படித்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதனால்தான் கோபம் வருகிறது.

தண்ணீரை வெளியேற்றச் செய்ய வேண்டியதும் பெரிய ரகசியம் இல்லை. சுவரின் முதுகில் குறைந்தது 300 மில்லிமீட்டர் அகலத்துக்குச் சுத்தமான ஜல்லி. ஜல்லிக்கும் மண்ணுக்கும் நடுவே நெய்யாத வகை ஜியோ டெக்ஸ்டைல் என்ற வடிகட்டித் துணி, மண் வந்து ஜல்லியை அடைக்காமல் இருக்க. அடியில் துளையிட்ட குழாய், ஒரு பக்கமாகச் சரிவு கொடுத்து, வாய்க்கால் வரை கொண்டுபோய் விட வேண்டும். சுவரில் 75 முதல் 100 மில்லிமீட்டர் வீப் ஹோல்கள் (தண்ணீர் வெளியேறும் துளைகள்), 1.5 மீட்டருக்கு ஒன்று, வரிசை மாற்றி வரிசை தள்ளி வைத்து, வெளிப்பக்கம் லேசாகச் சாய்த்து. வெட்டின விளிம்புக்கு மேலே, சரிவிலிருந்து இறங்கும் தண்ணீரை மறித்துத் திருப்பும் ஒரு கான்கிரீட் வாய்க்கால். இவ்வளவுதான்.

நடப்பது என்ன? கான்கிரீட் போடும்போது வீப் ஹோல் குழாயின் வாயைத் துணி வைத்து அடைக்க மறந்துவிடுகிறார்கள், சிமென்ட் பால் உள்ளே போய் இறுகிவிடுகிறது. வெளியே பார்த்தால் ஓட்டை இருக்கும், உள்ளே அடைப்பு. ஜல்லிக்குப் பதில் வெட்டி எடுத்த களிமண்ணையும் உடைந்த செங்கலையும் சென்ட்ரிங் பலகைத் துண்டுகளையும் பின்னால் கொட்டி நிரப்புகிறார்கள். உயரமான மலை நகரங்களில் குளிர்கால இரவில் வெப்பநிலை 5 டிகிரிக்குக் கீழேயும் போகும். அப்போது கான்கிரீட் வலுப்பெறுவது மிக மெதுவாகிவிடும். இருந்தாலும் சமவெளியில் பழகிய நாள்கணக்கை வைத்தே பலகையைப் பிரித்து, உடனே பின்னால் மண்ணையும் நிரப்புகிறார்கள். மேல் வாய்க்காலைக் 'கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டுவிடுகிறார்கள். அந்தக் கடைசிக்குள் மழை வந்துவிடுகிறது.

படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். விழாமல் நிற்கும் பகுதியில் வீப் ஹோல் ஒரே ஒரு வரிசை. அவ்வளவு மழைக்குப் பிறகும் அவற்றின் கீழே ஈரக்கறை இல்லை. உடைந்த இடத்தில் தெரிவது செங்கல் துண்டும் களிமண்ணும், ஜல்லி கண்ணில் படவில்லை.

"படத்தைப் பார்த்தே தீர்ப்புச் சொல்வீர்களா, விசாரணை முடியட்டும்" என்று ஒருவர் எழுதியிருந்தார். நியாயம். அடித்தளத்தின் அகலம் என்ன, கம்பி எவ்வளவு என்பதெல்லாம் படத்தில் தெரியாது, அதைப் பற்றி நான் பேசவும் இல்லை. ஆனால் விசாரணை தொடங்குவதற்கு முன்பே "மழைதான் காரணம்" என்று அறிவித்தவர்களிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லையே. பொறுமையாக இருக்கச் சொல்வது கேள்வி கேட்பவனிடம் மட்டும்தானா?

அடுத்து, "சரிவில் வீடுகளும்தான் இருக்கின்றன, அவை நிற்கவில்லையா" என்ற வாதம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வணிகக் கட்டடத்துக்கும் வீட்டுக்கும் உள்ள வித்தியாசமே இங்கேதான் இருக்கிறது.

30 டிகிரி சரிவில் 8 மீட்டர் ஆழமுள்ள ஒரு வீட்டுக்குச் சமதளம் வெட்டினால், பின்னால் நிற்கும் மண்சுவரின் உயரம் 4.6 மீட்டர். அதே சரிவில் 30 மீட்டர் ஆழத்துக்கு ஒரே மட்டத்தில் கடைத்தளம் கேட்டால், வெட்டின் உயரம் 17 மீட்டரைத் தாண்டும். ஆறு மாடி உயரம்! வாடகைக்கு வரும் பெரிய கடைக்காரர் படி இல்லாத ஒரே தளம் கேட்கிறார், கீழே கார் நிறுத்த இடம் கேட்கிறார். வியாபாரத்துக்கு அது தேவைதான், குறை சொல்லவில்லை. ஆனால் அந்தத் தேவைக்காக மலையின் காலை வெட்டுகிறோம் என்ற நினைப்பு வரைபடம் போடும்போதே இருக்க வேண்டும். அதே 30 மீட்டரை மூன்று படியாகப் பிரித்தால் ஒவ்வொரு வெட்டும் 6 மீட்டருக்குள் அடங்கிவிடும். நடுவில் லிஃப்டும் சாய்தளமும் வைக்கலாம். வாடகைக்குக் கிடைக்கும் பரப்பு கொஞ்சம் குறையும், அதற்குத்தான் மனசு வருவதில்லை.

வெட்டிய மண் எங்கே போகிறது என்றும் யாரும் கேட்பதில்லை. அந்த 17 மீட்டர் வெட்டில், 40 மீட்டர் முகப்புக்கு, 10,000 கனமீட்டருக்கு மேல் மண் வரும். தோண்டினால் மண் உப்பும், கால்பங்கு கூடும் என்று வைத்தால் 13,000. ஒரு டிப்பருக்கு 10 கனமீட்டர் என்றால் 1,300 நடை. இவ்வளவையும் அனுமதி பெற்ற இடத்துக்குக் கொண்டுபோகச் செலவாகும் என்று ராத்திரியில் பக்கத்து ஓடையில் சரித்துவிட்டால், ஓடை அடைபட்டு அடுத்த மழையில் தண்ணீர் வேறு யாருடைய வாசலையோ தேடிப் போகும். அப்போதும் செய்தியில் மழைதான் குற்றவாளியாக வரும்.

வெட்டும் முறையிலும் ஒழுங்கு உண்டு. மேலிருந்து கீழே வர வேண்டும். ஒரு தடவைக்கு 1 முதல் 1.5 மீட்டர் ஆழம். வெட்டிய பகுதியில் 10 முதல் 20 டிகிரி கீழ்நோக்கிய சாய்வில் துளையிட்டு, கம்பி செருகி, சிமென்ட் கூழ் ஏற்றி, வலை கட்டி, ஷாட்கிரீட் (பீய்ச்சி அடிக்கும் கான்கிரீட்) அடித்து, அது இறுகிய பிறகுதான் அடுத்த அடுக்கு. சாதாரணத் தடுப்புச் சுவர் என்றால், சில மீட்டர் அகலத் துண்டு ஒன்றை வெட்டி, பக்கத்துத் துண்டை விட்டு, வெட்டியதில் சுவர் எழும்பிய பிறகே விட்டதைத் தொட வேண்டும். பொக்லைனை அடிவாரத்தில் நிறுத்தி முழு நீளத்தையும் ஒரே மூச்சில் தோண்டினால் வேலை ஒரு வாரத்தில் முடியும். மழைக்கு முன்னால் அந்த மண் நிற்கவும் செய்யும். ஈரமணலைக் கையால் பிடித்து வைத்தால் நிற்கிறதே, அதே மாதிரி. மண்துகள்களுக்கு நடுவே இருக்கும் கொஞ்ச ஈரம் இழுத்துப் பிடித்திருக்கும். முழுதாக நனைந்ததும் அந்தப் பிடிப்பு போய்விடும். "ஆறு மாதமாக நின்றதே" என்பது அதனால் சான்றாகாது.

மண் ஆய்விலும் இதே கதை. கோடையில் இரண்டு போர் (ஆழ்துளை) போட்டு "நிலத்தடி நீர் தென்படவில்லை" என்று அறிக்கை. சரிவின் மேல், நடு, அடி என மூன்று இடத்திலாவது போர் போட்டு, அதில் நீர்மட்டக் குழாயை ஒரு மழைக்காலம் முழுக்க விட்டுப் பார்த்திருந்தால் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று தெரிந்திருக்கும். அதற்கு ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். திறப்பு விழாத் தேதியை முதலில் குறித்துவிட்டு வேலையைத் தொடங்கினால் அந்த ஒரு வருடம் எங்கிருந்து வரும்?

இதையெல்லாம் எழுதினால் "நீங்கள் வளர்ச்சிக்கு எதிரியா?" என்று கேட்கிறீர்கள். இது என்னைக் காயப்படுத்துகிறது, மறைக்க விரும்பவில்லை. மலை நகரத்தில் கட்டவே கூடாது என்று நான் எங்கே சொன்னேன்? கட்டுங்கள், உயரமாகவே கட்டுங்கள். ஆனால் அது நிற்க வேண்டும்.

ஹாங்காங்கைப் பாருங்கள். 1972 ஜூன் 18 அன்று, மூன்று நாளில் 600 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்த பிறகு, சௌ மாவ் பிங்கில் ஒரு மண்சரிவில் 71 பேர், போ ஷான் சாலையில் இன்னொன்றில் 67 பேர் இறந்தார்கள். இரண்டாவது மண்சரிவில் 12 மாடிக் கட்டடம் ஒன்று விழுந்தது. 1976இல் அதே சௌ மாவ் பிங்கில் மறுபடியும் மண்சரிவு, 18 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு 1977இல் மலைச்சரிவுகளுக்கென்றே தனி அரசு அலுவலகம் அமைத்தார்கள். சரிவுகளின் வடிவமைப்பை அது சரிபார்க்கும். இன்று அங்கே மனிதர் வெட்டிய, நிரப்பிய சரிவுகள் சுமார் 60,000 பதிவேட்டில் இருக்கின்றன. சரிவிலேயே எண் பலகை இருக்கும், பராமரிப்பு யார் பொறுப்பு என்பது பதிவில் இருக்கும். இத்தனை கட்டுப்பாட்டால் அந்த ஊரின் வியாபாரம் படுத்துவிட்டதா?

அங்கேயும் எல்லாம் சரியாகிவிடவில்லை. 1994இல் குவுன் லுங் லாவில் ஒரு பழைய கல்சுவர் விழுந்து 5 பேர் இறந்தார்கள். விசாரணையில் வந்த காரணங்களைக் கேளுங்கள். சுவர் நினைத்ததைவிட மெலிதாக இருந்தது. மண்ணுக்குள் புதைந்திருந்த குழாய்களில் இருந்து தண்ணீர் கசிந்து வந்திருந்தது. மறுபடியும் பின்னால் சேர்ந்த தண்ணீர்தான்!

இங்கே ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். வணிக வளாகம் தண்ணீரைத் தானே உற்பத்தி செய்யும் இடம் மாதிரி. 2 லட்சம் லிட்டர் தீயணைப்புத் தொட்டி என்றால் 200 டன் சுமை, அதைக் கொண்டுபோய் விளிம்பில் வைப்பார்கள். கழிவுநீர்க் குழாய், சம்ப், சுத்திகரிப்புத் தொட்டி எல்லாம் நிரப்பிய மண்ணில்தான் ஓடும். நிரப்பிய மண் படியும், குழாய் இணைப்பு வாய்பிளக்கும், வருடம் முழுக்க உள்ளே கசிந்துகொண்டே இருக்கும். வெயில் காலத்திலேயே பாதி நனைந்துவிட்ட சரிவுக்கு ஒரு நல்ல மழை போதும்.

உத்தராகண்ட் மலையில் இருக்கும் ஜோஷிமட்டை மறந்துவிட்டோமா? பழைய மண்சரிவுக் குவியலின் மேல் உட்கார்ந்திருக்கும் ஊர் அது, பாரமான கட்டுமானம் வேண்டாம் என்று 1976இலேயே ஒரு குழு சொல்லியிருந்தது. 2023 ஜனவரியில் வீடுகளில் வெடிப்பு விழுந்து, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்த ஓட்டல்களை இடிக்க வேண்டியதாயிற்று. அந்த ஓட்டல்களும் வளர்ச்சி என்றுதான் கட்டப்பட்டன.

செலவு கூடும் என்கிறார்கள். ஆமாம், கூடும். அதற்கு மேல் இந்த வாதத்துக்கு நான் பதில் சொல்லத் தயாராக இல்லை. கீழ்வரிசைக் கடைக்காரர்களிடம் போய்ச் சொல்லுங்கள். அவர்கள் எந்த அனுமதியும் கேட்கவில்லை, எந்த லாபத்திலும் பங்கு வாங்கவில்லை, அவர்கள் கடை இன்று மண்ணுக்குள் கிடக்கிறது. வியாபார வளர்ச்சி என்று பேசுகிறவர்கள் ஏன் எப்போதும் மேலே வரப்போகும் கடைகளை மட்டும் எண்ணுகிறார்கள்? கீழே ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த வியாபாரம் வியாபாரம் இல்லையா? பகல் வேலை நேரத்தில் விழுந்திருந்தால், வெட்டின் அடியில் குழிக்குள் நின்று தோண்டும் தொழிலாளிகள் முதலில் போயிருப்பார்கள். அவர்களுக்குத் தப்பிக்க ஒரு ஏணிகூட அந்தப் படத்தில் தெரியவில்லை.

இப்போது அவசரமாக ஒன்று. நேற்றுப் போட்ட படத்தில் பொக்லைன் அடிவாரத்தில் நின்று சரிந்த மண்ணை அள்ளுகிறது. தயவுசெய்து நிறுத்துங்கள். விழுந்து கிடக்கும் அந்த மண்தான் இப்போது மீதிச் சரிவுக்கு முட்டுக்கொடுத்து நிற்கிறது. உள்ளே ஆள் சிக்கியிருந்தால் வேறு பேச்சு. இல்லை என்று உறுதியான பிறகு அடியில் கை வைக்காதீர்கள். முதலில் மேலே போய், விளிம்புக்கு இணையாக விழுந்த வெடிப்புகளைக் களிமண் வைத்து அடைத்துத் தார்ப்பாய் போட்டு மூடுங்கள். மேலிருந்து வரும் தண்ணீரைத் தற்காலிக வாய்க்கால் வெட்டித் திருப்புங்கள். விளிம்பில் வைத்திருக்கும் கம்பிக் கட்டுகளையும் மண் குவியலையும் அப்புறப்படுத்துங்கள். வெடிப்பின் இரண்டு பக்கமும் முளையடித்து, இடைவெளியைக் காலையும் மாலையும் டேப்பால் அளந்து எழுதி வையுங்கள். அது அகலமாகிக்கொண்டே போனால் கீழே ஒருவரும் நிற்கக் கூடாது.

மீதிச் சுவருக்குக் கீழே கடை வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால்: வீப் ஹோலில் தெளிந்த தண்ணீர் வந்தால் பயப்பட வேண்டாம். கலங்கல் வந்தாலோ, மழை பெய்தும் ஒன்றுமே வராமல் இருந்தாலோ, சுவர் வயிறு தள்ளினாலோ, ஷட்டர் திடீரென்று இறுகினாலோ, சாமானை எடுக்க உள்ளே போகாமல் உடனே வெளியே வந்துவிடுங்கள்.