ஞாயிற்றுக்கிழமை யாருக்கு ஓய்வு?

தேயிலைக் கொழுந்து சீசன் வந்துவிட்டால் எங்கள் மலைச் சபைகளில் ஒரு பிரசங்கம் தவறாமல் வரும். ஓய்வுநாளை ஆசரிக்காத குடும்பத்தில் ஆசீர்வாதம் தங்காது என்கிற பிரசங்கம். யாரை நினைத்து அதைப் பேசுகிறார்களோ அவர்கள் அந்த நேரம் ஆலயத்தில் இருக்க மாட்டார்கள். கொழுந்து வெட்டும் கத்தரியும் கையுமாகத் தேயிலைப் பத்தியில் நிற்பார்கள். உட்கார்ந்து கேட்பது அவர்களுடைய மாமியாரும் பிள்ளைகளும்தான். மத்தியானம் அது வீட்டுக்கு வந்து சேரும். நாள் முழுக்க மலைச்சரிவில் நின்றுவிட்டு வரும் பெண், சாபம் வாங்கியவள் மாதிரி அடுப்படிக்குள் போவாள்.

நான் நீலகிரியில் ஊழியம் செய்கிற ஓர் ஆயர். இந்தப் பிரசங்கத்தை நிறுத்திவிடுங்கள் என்று என் சக ஊழியர்களைக் கேட்டுக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கீழே சமவெளியில் ஞாயிறு என்றால் ஆபீஸ் லீவு, பள்ளிக்கூடம் லீவு. இங்கே அப்படி இல்லை. மழை பெய்து நாலு நாள் வெயில் அடித்தால் கொழுந்து முட்டிக்கொண்டு நிற்கும். பறிக்கிற சுற்று தள்ளிப்போனால் இலை முற்றிவிடும், முற்றிய இலைக்கு ஃபேக்டரியில் விலை கிடையாது. ஒரு கிலோ தூளுக்கு நாலு கிலோவுக்கு மேல் பச்சை இலை வேண்டும். பறித்த இலை மறுநாள் வரை காத்திருக்காது. சிறு தோட்டங்களில் கிலோ கணக்கில்தான் கூலி. அதனால் கொழுந்து இருக்கிற நாளில் வீட்டில் இருப்பதற்கு ஏழைப் பெண்ணுக்கு வசதி இல்லை.

அப்புறம் கேரட். இதைக் கீழே இருப்பவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். நடுராத்திரி தாண்டி பிக்கப் வண்டி வந்து ஹாரன் அடிக்கும். ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர், தலையில் மஃப்ளர், நெற்றியில் டார்ச் லைட். டிசம்பர், ஜனவரியில் புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும்போதும் இதே வேலைதான். ஈர மண்ணில் இருந்து பிடுங்கி, கழுவி, மூட்டை பிடித்து, மேட்டுப்பாளையம் மண்டிக்கு நேரத்துக்கு அனுப்பியாக வேண்டும். அவர்கள் வீட்டுக்குத் திரும்பி வருகிற நேரமும் நாங்கள் ஆலய மணி அடிக்கிற நேரமும் ஒன்றாக இருக்கும். விரல் விறைத்துப்போய் வருகிற அந்த உடம்பு முதலில் படுக்கையைத்தான் தேடும். தேடட்டும்.

டாக்ஸி ஓட்டுகிற தம்பிகளும், காட்டேஜில் படுக்கை விரிப்பு மாற்றுகிற அக்காமாரும் இருக்கிறார்கள். ஊரே ஓய்வெடுக்க மலைக்கு வருகிற நாள் இவர்களுக்கு அதிக வேலை உள்ள நாள். மே மாதம் மலர்க் கண்காட்சி சமயத்தில் கேட்கவே வேண்டாம்.

சரி, வேதம் என்ன சொல்கிறது? உபாகமம் 5ஆம் அதிகாரத்தை எடுத்து நிதானமாகப் படித்துப் பாருங்கள். ஓய்வுநாள் கட்டளை வேலை வாங்குகிறவனைப் பார்த்துச் சொல்லப்பட்டிருக்கிறது. உன்னைப்போலவே உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் இளைப்பாற வேண்டும், நீ எகிப்தில் அடிமையாக இருந்ததை மறக்காதே என்கிறார் கர்த்தர். எகிப்தில் என்ன நடந்தது? வைக்கோலையும் கொடுக்காமல், செங்கல் கணக்கும் குறையக்கூடாது என்று ஆளோட்டிகள் அடித்தார்கள். அப்படிப்பட்ட ஜனத்துக்கு வாரத்தில் ஒரு நாளாவது முதுகு நிமிரட்டும் என்று கொடுத்த கட்டளை இது. அதையே எடுத்து, முதுகு நிமிர முடியாத பெண்ணை அடிக்கிற பிரம்பாக நாம் மாற்றலாமா? ஓய்வுநாள் மனுஷனுக்காகத்தான் என்று இயேசு சொன்னது பசித்துப்போய்க் கதிர் கொய்தவர்களுக்காக. அவர்களும் வயலில்தான் நின்றுகொண்டிருந்தார்கள்.

ஆதித் திருச்சபைக்கு ஞாயிறு விடுமுறையே கிடையாது. ஏறத்தாழ கி.பி. 112இல் பித்தினியா என்ற ரோம மாகாணத்தின் ஆளுநர் பிளினி, ரோமப் பேரரசர் திராயானுக்கு ஒரு கடிதம் எழுதினார். கிறிஸ்தவர்கள் குறித்த நாளில் விடிவதற்கு முன்பே கூடிக் கிறிஸ்துவைப் பாடுகிறார்கள், கலைந்துபோய் மறுபடியும் சாப்பாட்டுக்குக் கூடுகிறார்கள் என்று அதில் இருக்கிறது. சபையில் ஊழியக்காரிகள் என்று அழைக்கப்பட்ட இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்து விசாரித்ததாகவும் எழுதியிருக்கிறார். அடிமைக்கு ஏது லீவு? எஜமான் எழுந்திருப்பதற்கு முன்னால், அல்லது வேலை எல்லாம் முடிந்த பிறகு, கிடைத்த நேரத்தில் கூடினார்கள். துரோவா பட்டணத்தில் பவுல் நடுராத்திரி வரை பேசியபோது ஜன்னலில் உட்கார்ந்திருந்த ஐத்திகு என்ற வாலிபன் தூங்கி விழுந்தானே, பகலெல்லாம் என்ன வேலை செய்தானோ என்றுதான் எனக்குத் தோன்றும். அவனைப் பவுல் திட்டவில்லை. கீழே இறங்கிப்போய் அணைத்துக்கொண்டார். ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் 321இல்தான் ஞாயிற்றை ஓய்வுநாளாக அறிவித்தார். அந்த ஆணையும் நகரத்துக்காரர்களுக்குத்தான். வயலில் பாடுபடுகிறவர்கள் வழக்கம்போல வேலை செய்யலாம் என்று விட்டுவிட்டார்.

நம் மலைக்கு வருவோம். ஊட்டி புனித ஸ்தேவான் ஆலயத்தை 1830இல் பிரதிஷ்டை செய்தார்கள். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையில் இருந்த மரங்களைக் கொண்டுவந்து உத்திரம் போட்ட ஆலயம் அது. போய் நின்றால் மனதுக்கு அவ்வளவு அமைதியாக இருக்கும். ஆனால் அதைக் கட்டியவர்கள் சமவெளி வெயில் தாங்காமல் உடம்பு தேற மலைக்கு வந்த வெள்ளைக்காரர்கள். என் சபை மக்களின் முன்னோர் கொழுந்து பறிக்க மலைக்கு வந்தவர்கள். பாதிக் குடும்பங்கள் 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையில் இருந்து கப்பலேறி வந்து இங்கே மறுபடியும் தேயிலைக்குள்ளேயே இறங்கியவை. துரைமார்களுக்குத் தோதுப்பட்ட ஆராதனை நேரம் இவர்களுக்கும் தோதுப்பட வேண்டும் என்று ஏதும் கட்டாயமா?

எங்கள் சபையில் கொழுந்துக் காலத்தில் ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணிக்கு இன்னொரு ஆராதனை வைக்கிறோம். ஆலயத்தில் அல்ல. தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்கு நடுவில், முன்பு குழந்தைகள் காப்பகமாக இருந்த கட்டடத்தில். ஏன் அங்கே என்றால், ஆறு மணிக்கு மேல் இங்கே யாரும் தனியாக நடந்துவர முடியாது. காட்டுமாடு நிற்கும், கரடி வரும். ஆகையால் நானும் உபதேசியாரும் போகிறோம். பறித்த இலையை எடை போட்டுவிட்டு அப்படியே வருவார்கள். இடுப்பில் கட்டிய பிளாஸ்டிக் ஷீட்டை வாசலில் கழற்றி மாட்டுவார்கள். இரண்டு கீர்த்தனை, ஒரு வேதபாடம், பத்து நிமிஷப் பிரசங்கம், ஜெபம். மாதம் ஒரு முறை திருவிருந்து.

அப்படி ஒரு திருவிருந்தில், இரண்டு உள்ளங்கையையும் குவித்து நீட்டிய ஓர் அம்மா சட்டென்று கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். கொழுந்துச் சாறு ஏறி விரலெல்லாம் கறுத்திருந்தது. நகக்கண்ணில் கறை. கத்தரி பிடித்துப் பிடித்துப் பெருவிரல் அடியில் காய்ப்பு. "சோப்பு போட்டுத் தேய்ச்சேன் ஐயா, போகமாட்டேங்குது" என்றார் மெதுவாக. "கையை நீட்டுங்கம்மா" என்றேன். நீட்டினார். அப்பத்தை வைத்தேன். அவருக்குப் பின்னால் நின்றவர்கள் எல்லார் கையும் அப்படித்தான் இருந்தது. காலையில் ஆலயத்தில் இத்தனை கறுத்த கைகள் வருவதில்லை. வருகிறவர்கள் முதல்நாளே கல்லில் உரசி, எலுமிச்சம்பழம் தேய்த்துத்தான் வருகிறார்கள்.

எங்கள் சபை மூப்பர் ஒருவர் கேட்டார்: "நேரத்தை மாத்திக்கிட்டே போனா, ஞாயிறுன்னு ஒண்ணே இல்லாமப் போயிடாதா ஐயா?" அவர் சின்ன வயதில் எஸ்டேட்டில் இருந்து மழையில் நனைந்துகொண்டு ஆலயத்துக்கு நடந்து வந்தவர். அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. புருஷன் காலையில், மனைவி சாயங்காலம் என்று ஒரு குடும்பம் இரண்டு ஆராதனையாகப் பிரிந்துவிட்டால், அம்மா பக்கத்தில் நின்று பாடுவதைப் பிள்ளை கேட்காமலே வளரும். எனக்கு ஜெபிக்கக் கற்றுக்கொடுத்தது என் அம்மாவின் குரல். அந்த இழப்பைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள என்னால் முடியாது. ஆகையால் சாயங்கால ஆராதனையோடு நம் கடமை முடிந்தது என்று நான் சொல்லவில்லை.

பேச வேண்டிய இடம் வேறு. நம் ஆலயங்களில் முன் பெஞ்சில் உட்காருகிறவர்களில் தோட்டம் வைத்திருப்பவர்கள் உண்டு. காட்டேஜ் நடத்துகிறவர்கள் உண்டு, கேரட் போடுகிறவர்கள் உண்டு. அவர்கள் நல்லவர்கள். அறுப்பின் பண்டிகைக்குக் கை நிறையக் கொடுப்பவர்கள். பசுந்தேயிலை விலையால் அவர்களும் நொந்துபோய்த்தான் இருக்கிறார்கள், ஆள் கிடைப்பதும் பெரும்பாடு. எல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் அவர்கள் முழங்காற்படியிடும் நேரத்தில் அவர்களுடைய தோட்டத்தில் யாரோ ஒருத்தி ஆலயத்துக்கு வர முடியாமல் நிற்கிறாள். ஓய்வுநாள் பிரசங்கத்தை இவர்களிடம்தான் செய்ய வேண்டும். அன்போடு, முகத்தைப் பார்த்து. வாரம் ஒரு நாள் ஓய்வு என்று 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமே எழுதி வைத்தது. சட்டம் எட்டாத சின்னத் தோட்டத்தில் விசுவாசமாவது எட்ட வேண்டாமா? சுற்றை முன்னே பின்னே தள்ளி ஞாயிற்றுக்கிழமையில் விழாமல் பார்த்துக்கொள்ளலாம். முடியாத வாரம் வேறொரு நாள் கூலியோடு விடுமுறை கொடுக்கலாம். காட்டேஜ்காரர்கள் முறை வைத்து அனுப்பலாம்.

ஆயர் மனையைப் பற்றியும் சொல்ல வேண்டும். உபாகமத்துப் பட்டியலில் மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, எருது, கழுதை வரை வருகிறது. மனைவி இல்லை. 'நீ' என்பதிலேயே அவளும் அடக்கம் என்று விளக்குவார்கள். நானும் அப்படியே நம்புகிறேன். அடக்கம் என்றால் அவளும் அன்று வேலையை நிறுத்த வேண்டும் அல்லவா? ஆயர் மனைவியின் ஞாயிறு எப்படிப் போகிறது தெரியுமா? விடியற்காலையில் அடுப்பு, பிறகு ஞாயிறு பள்ளி, பாடகர் குழு, ஆராதனை முடிந்ததும் பெண்கள் ஐக்கிய சங்கம், மத்தியானம் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு டீ. இதற்குச் சம்பளமும் இல்லை, நன்றி சொல்கிறவர்களும் குறைவு. என் மனைவி முகம் சுளித்து நான் பார்த்ததில்லை, அதற்காக அவளுக்குக் களைப்பே இல்லை என்று ஆகிவிடாது. எங்கள் வீட்டில் திங்கள்தான் ஓய்வுநாள். அன்று சமையல் என்னுடையது, பாத்திரம் பிள்ளைகளுடையது. மரணம், ஆஸ்பத்திரி தவிர வேறு எதற்கும் அன்று என்னைக் கூப்பிட வேண்டாம் என்று கமிட்டியில் சொல்லி வைத்திருக்கிறேன். சபையும் அதை மதிக்கிறது. இளம் ஆயர்களே, உங்கள் வீட்டிலும் இதை முதல் வருஷமே தொடங்குங்கள். பிள்ளைகள் வளர்ந்த பிறகு தொடங்குவது கடினம்.

அடுத்த கொழுந்து சீசனுக்கு முன்பு, எங்கள் சேகரத்தில் தோட்டமும் காட்டேஜும் வைத்திருக்கிற குடும்பங்களை ஒன்றாக உட்காரவைத்துப் பேசப் போகிறேன். இரண்டு குடும்பத்தார் ஞாயிறு பறிப்பதில்லை என்று ஏற்கெனவே ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். இலை எடுக்கிற வண்டியின் நாளை மாற்ற முடியுமா என்று ஃபேக்டரியிலும் அவர்களே கேட்கிறார்கள். கூடலூர், பந்தலூர், வால்பாறைப் பக்கம் ஊழியம் செய்கிறவர்கள் இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று எழுதுங்கள். உங்கள் சபைக்கு எந்த நேரம் ஒத்துவருகிறது, வேலைக்குப் போகிற பெண்களிடமே கேட்டீர்களா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.