எதிர்ப்பு சக்தி காப்ஸ்யூல் வாங்குகிறோம், ஃப்ளூ ஊசியை மறந்துவிடுகிறோம்

மழைக்காலம் நெருங்கினாலே மருந்துக்கடையில் "எதிர்ப்பு சக்திக்கு" என்று புரோபயாடிக், அதாவது உயிருள்ள நல்ல பாக்டீரியா அடங்கிய காப்ஸ்யூல் கேட்டு வருகிறவர்கள் கூடிவிடுகிறார்கள். மருந்தாளுநராகக் கடையில் நிற்கிறவன் என்ற முறையில் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஃப்ளூ, அதாவது இன்ஃப்ளுயன்சா காய்ச்சல், வராமல் காக்கும் என்று நம்பி அதை வாங்காதீர்கள். அந்தப் பணத்தில் வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கு ஃப்ளூ தடுப்பூசி போடுங்கள்.

கேட்டு வருகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. பெரும்பாலும் பிள்ளைகள்தான் வருகிறார்கள். "அண்ணே, அப்பாவுக்கு சுகர் இருக்கு. போன மழைக்கே காய்ச்சல்ல படுத்து ஆஸ்பத்திரி வரைக்கும் போயிட்டு வந்தோம். இந்த வருஷம் முன்னாடியே இம்யூனிட்டிக்கு ஏதாவது குடுங்கண்ணே" என்பார்கள். "ஊசி போட்டாச்சா தம்பி?" என்று கேட்டால், "எந்த ஊசிண்ணே, கொரோனா ஊசியா?" என்று திரும்பக் கேட்பார்கள். அப்பா மேல் இருக்கும் அக்கறைதான் அந்தப் பையனைக் கடைக்குக் கொண்டுவருகிறது. அந்த அக்கறையை விளம்பரம் காப்ஸ்யூல் பக்கம் திருப்பிவிடுகிறது. சரியான பக்கம் திருப்பிவிட யாரும் இல்லை.

இந்த விளம்பரங்களுக்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவில் டானன் நிறுவனம் டான்ஆக்டிவ் என்ற புரோபயாடிக் பால் பானத்தை விற்றது. சளி, ஃப்ளூ வராமல் தடுக்க உதவும் என்று சொல்லி விற்றார்கள். அந்நாட்டு மத்திய வர்த்தக ஆணையம் அதைக் கையில் எடுத்து, இப்படிச் சொல்வதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்றது. 2010 டிசம்பரில் சமரசம் ஆனது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் ஒப்புதல் இல்லாமல் எந்தத் தயிரும், எந்தப் புரோபயாடிக் பானமும் சளி, ஃப்ளூ வரும் வாய்ப்பைக் குறைக்கும் என்று இனி சொல்லக் கூடாது என்பது நிபந்தனை. 39 மாநிலங்களுக்குச் சேர்த்து 2 கோடியே 10 லட்சம் டாலர் கொடுக்க அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது. அதே வருடம் நெஸ்லேயின் பிள்ளைகளுக்கான பானம் ஒன்றும் சிக்கியது. உறிஞ்சுகுழலுக்குள் நல்ல பாக்டீரியா வைத்து, பிள்ளைகளுக்கு சுவாசத் தொற்று வராது, பள்ளிக்கு லீவு போடுவது குறையும் என்று விளம்பரம் செய்தார்கள். அதையும் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். ஐரோப்பாவில், யாகுல்ட் என்ற புரோபயாடிக் பால் பானத்தில் இருக்கும் ஷிரோட்டா ரக பாக்டீரியா மேல்சுவாசப் பாதையின் காப்பைப் பேணும் என்று சொல்ல அனுமதி கேட்டபோது, காரணமும் பலனும் நிறுவப்படவில்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் கருத்துச் சொன்னது. அதுவும் 2010தான்.

ஆக, ஒரே வருடத்தில் மூன்று இடத்தில் தடுக்கப்பட்ட வாக்குறுதி, நம் ஊரில் இன்றும் வாய்வழியாகவும் வாட்ஸ்அப் வழியாகவும் ஓடிக்கொண்டிருக்கிறது. உணவுத் துணைப்பொருளாக உரிமம் வாங்கி விற்கிற பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். "நாட் ஃபார் மெடிசினல் யூஸ்" என்று ஆங்கிலத்தில் இருக்கும், அதாவது மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல. இந்திய உணவுப் பாதுகாப்பு விதிமுறைப்படி அதைப் போட்டாக வேண்டும். ஒரு நாள் அளவில் குறைந்தது பத்து கோடி உயிருள்ள பாக்டீரியா இருக்க வேண்டும் என்பதும் அந்த விதிமுறையில் உண்டு. எண்ணிக்கையைத்தான் பெட்டியின் முகப்பில் பெரிதாகப் போடுகிறார்கள். எந்த ரகம், எந்த வயதுக்காரர்களுக்கு, எதைத் தடுப்பதாகச் சோதித்தார்கள் என்பது முகப்பில் இருப்பதில்லை. வாங்குகிறவருக்குத் தேவையான தகவல் அதுதான்.

சரி, ஆராய்ச்சியில் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. காக்ரேன் அமைப்பு உலகெங்கும் நடந்த சோதனைகளைச் சேர்த்து அலசி, 2022இல் புதுப்பித்து வெளியிட்டது. புரோபயாடிக் எடுத்தவர்களில் ஒருமுறையாவது மேல்சுவாசத் தொற்று வந்தவர்கள் ஏறக்குறைய கால்பங்கு குறைவாக இருக்கலாம் என்கிறது அது. கூடவே, சான்றின் உறுதி குறைவு என்றும் சொல்கிறது. இங்கே இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். அந்தக் கணக்கில் வருவது மூக்கொழுகல், தொண்டைவலி என்று எல்லாம் சேர்ந்தது. பரிசோதனையில் உறுதியான இன்ஃப்ளுயன்சா என்பது வேறு. அப்புறம், அந்தச் சோதனைகளில் வேறு வேறு ரக பாக்டீரியாக்களைக் கொடுத்திருக்கிறார்கள். ஒன்றில் கிடைத்த பலனை இன்னொரு பெட்டிக்கு எழுதிக்கொள்ள முடியாது.

முதியவர்களிடம் நேராகவே சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். பெல்ஜியத்தில் ஆன்ட்வெர்ப் பகுதி முதியோர் இல்லங்களில் 737 பேரை வைத்து ஒரு குளிர்காலம் முழுக்க நடந்த சோதனை அது. ஒரு பாதிக்கு ஷிரோட்டா ரகம் உள்ள பானம், மறுபாதிக்கு அதேபோல இருக்கும் வெறும் பானம். நடுவில் எல்லோருக்கும் ஃப்ளூ ஊசி. சுவாச நோய் வந்ததிலும் சரி, ஊசிக்கு உடம்பு காட்டிய எதிர்வினையிலும் சரி, இரண்டு குழுவுக்கும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. கடையில் வந்து நிற்கும் பையன் யாருக்காகக் கேட்கிறானோ, அவர் வயதுக்காரர்கள் இவர்கள். அதனால்தான் இந்த முடிவை நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன்.

குடலில் வாழும் நுண்ணுயிர்களுக்கும் நுரையீரல் எதிர்ப்புக்கும் தொடர்பு உண்டு என்பது உண்மை. இதில்தான் நாம் பெரிய தவறு செய்கிறோம் என்பது என் எண்ணம். 2011இல் யேல் பல்கலைக்கழகத்தில் அகிகோ இவசாகியின் குழு எலிகளுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்துவிட்டு இன்ஃப்ளுயன்சா வைரஸைக் கொடுத்தது. குடல் பாக்டீரியா அழிந்துபோன எலிகளின் எதிர்ப்பு பலவீனமாக இருந்தது. 2019இல் ஸ்டான்ஃபோர்டு குழு மனிதர்களிடமே பார்த்தது. ஃப்ளூவுக்கு எதிராக ஏற்கெனவே போதிய எதிர்ப்பொருள் இல்லாதவர்களுக்கு, வீரியமான ஆன்டிபயாடிக் கொடுத்த பிறகு தடுப்பூசி போட்டபோது, ஊசிக்கு உடம்பு சரியாகப் பதில் கொடுக்கவில்லை.

இப்போது நம் ஊர் மருந்துச் சீட்டை நினைத்துப் பாருங்கள். இரண்டு நாள் காய்ச்சல், உடம்பு வலி, இருமல். சீட்டில் அஸித்ரோமைசின் 500 என்ற ஆன்டிபயாடிக், மூன்று நாள். ஒரு பாராசிட்டமால், ஒரு சளி மாத்திரை, வெறும் வயிற்றில் அமிலம் குறைக்க ஒரு பான்டாப்ரசோல். கடைசி வரியில் ஒரு புரோபயாடிக். ஃப்ளூ என்பது வைரஸ், அதை அஸித்ரோமைசின் ஒன்றும் செய்யாது. வைரஸைத் தொடாத மாத்திரை குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாவை வாரிக்கொண்டு போகிறது. போனதை ஈடுகட்ட இன்னொரு மாத்திரை. சீட்டே இல்லாமல், "போன தடவை குடுத்த அந்த மூணு நாள் மாத்திரையைக் குடுங்கண்ணே" என்று கேட்பவர்களும் உண்டு.

அந்த ஈடுகட்டலாவது ஒழுங்காக நடக்கிறதா? இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனம் 2018இல் வெளியிட்ட ஆய்வில், ஆன்டிபயாடிக் முடித்தபின் புரோபயாடிக் எடுத்தவர்களுக்கு அவரவர் சொந்தக் குடல் பாக்டீரியா பழைய நிலைக்குத் திரும்ப, ஒன்றுமே எடுக்காதவர்களைவிட அதிக நாள் பிடித்தது. சிறிய ஆய்வுதான். ஆன்டிபயாடிக்கால் வரும் பேதியைக் குறைப்பதில் சில ரகங்களுக்கு ஓரளவு நல்ல ஆதாரம் இருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். ஆனால் குடலைக் காப்பாற்ற வேண்டும் என்று உண்மையிலேயே விரும்பினால், முதல் வேலை தேவையில்லாத ஆன்டிபயாடிக்கை விழுங்காமல் இருப்பது. டாக்டரிடம் "இது வைரஸ் காய்ச்சலா, ஆன்டிபயாடிக் அவசியமா?" என்று கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை. வயதானவர், கர்ப்பிணி, சுகர், இதயம், ஆஸ்துமா உள்ளவர் என்றால் ஃப்ளூவுக்கு என்றே இருக்கும் ஓசெல்டாமிவிர் தேவையா என்றும் கேளுங்கள். முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் அதற்கு முழுப்பலன். வீட்டிலேயே நான்கு நாள் ஓட்டிவிட்டுப் போனால் அந்த நேரம் போய்விடும்.

புரோபயாடிக் என்ற துறையையே குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். ஒடிசா கிராமங்களில் பினாகி பாணிக்ரகி குழு நடத்திய சோதனை 2017இல் நேச்சர் இதழில் வந்தது. 4,500க்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகள். பிளாண்டாரம் என்ற பாக்டீரியாவின் ஒரு குறிப்பிட்ட ரகத்தையும் அதற்கு இரையாகும் ஒரு சர்க்கரையையும் ஏழே நாள் கொடுத்தார்கள். ரத்தத் தொற்றும் மரணமும் சேர்ந்த கணக்கு 9 சதவீதத்திலிருந்து 5.4 சதவீதமாக இறங்கியது. நுரையீரல் தொற்றும் குறைந்தது. எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்த ஆய்வு அது. ரகத்தைத் தேர்ந்தெடுக்கவே பல வருடம் உழைத்தார்கள். அவர்கள் கொடுத்தது நல்ல எடையோடு பிறந்த, ஆரோக்கியமான குழந்தைகளுக்கு. குறைமாதக் குழந்தை என்றால் கதையே வேறு. மருத்துவமனையில் இருக்கும் குறைமாதக் குழந்தைகளுக்குப் புரோபயாடிக் கொடுப்பது ஆபத்தாகலாம் என்று, ஒரு குழந்தையின் இறப்புக்குப் பிறகு 2023இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் எச்சரித்தது. எதிர்ப்பு சக்தி மிகவும் குறைந்த நோயாளிகளும் மருத்துவரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது.

தயிரும் பழைய சோறும் பற்றிக் கேட்பீர்கள். தாராளமாகச் சாப்பிடுங்கள், நல்ல உணவு. இட்லி மாவு புளிப்பதும் நல்லதுதான், ஆனால் ஆவியில் வெந்தபின் அந்த பாக்டீரியா உயிரோடு இருப்பதில்லை. இவற்றில் எதுவும் ஃப்ளூவுக்குத் தடுப்பு ஆகாது.

இனி ஊசிக்கு வருகிறேன். ஃப்ளூ வைரஸ் உருமாறிக்கொண்டே இருப்பதால், உலக சுகாதார நிறுவனம் வருடத்துக்கு இரண்டு முறை எந்த ரகங்களை ஊசியில் சேர்ப்பது என்று பரிந்துரைக்கிறது. அதனால்தான் வருடாவருடம் போட வேண்டியிருக்கிறது. நூற்றுக்கு நூறு காப்பு தராது. ரகம் பொருந்தி வரும் வருடங்களில் மருத்துவரிடம் போகும் அளவுக்கான ஃப்ளூவை 40 முதல் 60 சதவீதம் குறைக்கிறது. போட்டும் காய்ச்சல் வந்தவர்கள் என்னிடம் வந்து சண்டை போட்டதும் உண்டு. அவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: உலகில் வருடத்துக்கு 2.9 லட்சம் முதல் 6.5 லட்சம் பேர் ஃப்ளூ தொடர்பான சுவாசக் கோளாறால் இறக்கிறார்கள், அந்தப் பக்கம் போகாமல் இருக்கத்தான் இந்த ஊசி. கனடாவின் ஒன்டாரியோவில் 2018இல் வெளிவந்த ஆய்வில், ஃப்ளூ உறுதியான முதல் ஏழு நாளில் மாரடைப்பு வரும் அபாயம் ஆறு மடங்கு கூடியிருந்தது. இதய நோயாளி இருக்கும் வீட்டில் இந்த ஒரு தகவலே போதும்.

பணக் கணக்கும் பார்த்துவிடலாம். காப்ஸ்யூல் ஒன்று 25 ரூபாய் என்று வைத்தால், தினம் ஒன்று வீதம் வருடத்துக்கு 9,000 ரூபாயைத் தாண்டும். ஊசி வருடத்துக்கு ஒன்று, தனியாரில் ஏறக்குறைய 1,500 முதல் 2,000 ரூபாய். சென்னை, வேலூர் பக்கம் ஃப்ளூ உச்சத்துக்கு வருவது அக்டோபர், நவம்பர் மாதங்களில் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஊசி வேலை செய்ய இரண்டு வாரம் ஆகும். ஆகவே செப்டம்பரில் போட்டுவிடுவது நல்லது. ஆறு மாதம் முடிந்த குழந்தைகளுக்கும் போடலாம். கர்ப்பிணிகள் கண்டிப்பாக மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

1,500 ரூபாய் எல்லோராலும் முடியாது என்பது எனக்குத் தெரியும். நாள் சம்பளக்காரர் வீட்டில் இரண்டு பெரியவர்கள் இருந்தால் அது பெரிய தொகை. தேசியத் தடுப்பூசி அட்டவணையில் ஃப்ளூ ஊசி இல்லை. ஆனால் மகாராஷ்டிரம் 2015 முதலே கர்ப்பிணிகளுக்கும் சுகர், பிரஷர் உள்ளவர்களுக்கும் இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். யாருக்கு என்ன நோய், எந்தத் தெருவில் இருக்கிறார் என்ற பட்டியல் அரசின் கையில் இருக்கிறது. மழைக்கு முன்னால் அந்தப் பட்டியலில் இருக்கும் அறுபது வயது தாண்டியவர்களுக்காவது இந்த ஊசியைச் சேர்த்துக் கொடுங்கள் என்று சுகாதாரத் துறையிடம் கேட்கிறேன். இதைப் படிப்பவர்களில் கிராம சுகாதார செவிலியர்கள், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்கள் இருந்தால், உங்கள் மாவட்டக் கூட்டத்தில் இந்தக் கோரிக்கையை எழுப்புங்கள்.