காசிமேட்டில் கடல்நாய்க் குட்டி ஒதுங்கியதா?

“காசிமேட்டுக் கரையில் கடல்நாய்க் குட்டி தவிக்கிறது, உடனே கடலில் தள்ளிவிடுங்கள்” என்று ஒரு வீடியோ எங்கள் ஏரியா வாட்ஸப் குழுக்களில் சுற்றுகிறது. சொன்ன இடமும் தவறு, சொன்ன யோசனையும் தவறு.

வீடியோவில் இருப்பது சாம்பல்நிறக் கடல்நாயின் குட்டி. வட அட்லாண்டிக் பக்கத்து விலங்கு அது. வங்கக் கடலில் கடல்நாய்கள் வாழ்வதில்லை. உடம்பெல்லாம் வெள்ளைப் பஞ்சு மாதிரி ரோமம் தெரிகிறதல்லவா? நனைந்தால் அது உடல்சூட்டைக் காக்காது. அதனால்தான் பிறந்து சுமார் 3 வாரம் குட்டி கரையிலேயே கிடக்கும். தண்ணீரில் தள்ளினால் அதன் உயிருக்கே ஆபத்து. இங்கிலாந்தின் கார்ன்வால் கரையில் தன்னார்வலர்கள் தள்ளி நின்று படம் மட்டுமே எடுக்கிறார்கள். வளர்ந்த கடல்நாயின் ரோமத்திலுள்ள புள்ளிகள் நம் கைரேகை போல; அதை வைத்தே ஒவ்வொன்றையும் வருடக்கணக்கில் அடையாளம் காண்கிறார்கள்.

சரி, நம் கரையில் ஒதுங்குவது எது? பங்குனி ஆமைகள் என்னும் கடலாமைகள். இழுவலையில் சிக்கினால் மூச்சுவிட மேலே வர முடியாது. திருவொற்றியூரில் கடலரிப்பைத் தடுக்கப் போட்ட தூண்டில் வளைவுக் கற்களுக்கு நடுவே, கழுத்து வீங்கி, கண் பிதுங்கிக் கிடந்த ஒன்றைப் பார்த்து மனசே ஆறவில்லை. உயிரோடு ஒன்றைப் பார்த்தால் கூட்டம் சேர்க்காமல், டார்ச் அடிக்காமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.