எடைக்குப் போடுவதற்கு முன் ஒரு வேண்டுகோள்

உசிலம்பட்டிக்கு அருகில் இருக்கும் எங்கள் ஊர்ப் படிப்பகத்திற்கு, மதுரை அலுவலகம் ஒன்று கழித்துவிட்ட நான்கு கணினிகள் 2025 தீபாவளி முடிந்த கையோடு வந்து சேர்ந்தன. 2012-இல் சந்தைக்கு வந்த மூன்றாம் தலைமுறை இன்டெல் கோர் ஐ3 செயலி, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க் ஆகியவற்றோடு விண்டோஸ் 10-இல் ஓடிக்கொண்டிருந்தவை. அந்த இயங்குதளத்திற்கான பொதுவான ஆதரவு அக்டோபர் 14 அன்று முடிந்திருந்தது.

அடுத்த பதிப்பான விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால், அது டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லைக் கேட்கிறது. செயலியும் மைக்ரோசாஃப்டின் பட்டியலில் இருக்க வேண்டும். இன்டெலைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் 2017-இல் வெளிவந்த எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகிறது. இந்தச் சோதனைகளைத் தாண்டிச் சென்று நிறுவும் வழிகள் உண்டு, பலர் எனக்கும் பரிந்துரைத்தார்கள். அப்படி நிறுவிய கணினிக்கு மேம்பாடுகள் கிடைக்கும் என்ற உறுதி இல்லை என்று மைக்ரோசாஃப்டே சொல்லும்போது, பிள்ளைகள் பலர் மாறி மாறிப் பயன்படுத்தும் ஒரு பொதுக் கணினியில் அதைச் செய்ய எனக்கு மனம் ஒப்பவில்லை.

ஆகவே 2029 வரை ஆதரவு உள்ள லினக்ஸ் மின்ட் 22 என்ற இலவச இயங்குதளத்தின், பழைய கணினிகளுக்கும் ஏற்ற இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை நிறுவினோம். ஆனால் இயங்குதளத்தை மட்டும் மாற்றினால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முதல் கணினியில் பழைய ஹார்ட் டிஸ்க்கிலேயே நிறுவிப் பார்த்தபோது, உலாவியைத் திறப்பதற்குள் பிள்ளைகள் பொறுமை இழந்தார்கள். சுழலும் தட்டில் ஊசிமுனை இடம் தேடித் தேடிப் படிக்கும் அந்த வட்டுதான் தாமதத்திற்குக் காரணமே தவிர, பன்னிரண்டு ஆண்டுகளைக் கடந்த செயலி அன்று. மதுரை டவுன் ஹால் ரோட்டில், சுழலும் பாகங்களே இல்லாத 240 ஜிபி எஸ்எஸ்டி சேமிப்பகம் ஒன்றை வாங்கி மாட்டிய பிறகு, அதே செயலியோடும் அதே 4 ஜிபி ரேமோடும் அந்தக் கணினி அரை நிமிடத்திற்குள் தயாராகிவிடுகிறது. மற்ற மூன்றிற்கும் ஊர்க்காரர்களே பணம் போட்டார்கள்.

இரண்டாவது கணினி, வந்த நிலையில் எந்த இணையதளத்தையும் திறக்காமல் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டிக்கொண்டிருந்தது. பார்த்தவர் ஒருவர் மதர்போர்டு போய்விட்டது என்றார். உண்மையில், மின்சாரம் இல்லாதபோதும் கணினியின் கடிகாரத்தை ஓட வைக்கும் பட்டன் பேட்டரி தீர்ந்து, ஒவ்வொரு முறையும் தேதி பல ஆண்டுகள் பின்னே போனதால், தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களை உலாவி ஏற்க மறுத்திருக்கிறது. வாட்ச் கடையில் கிடைக்கும் 3 வோல்ட் பேட்டரி ஒன்றோடு அது சரியாகிவிட்டது.

தமிழில் தட்டச்சுச் செய்ய உதவும் தமிழ்99 விசைப்பலகை அமைப்பைக் கணினியில் சேர்த்துக் கொடுத்ததும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் கட்டுரைகளைத் தாங்களே தட்டச்சுச் செய்யத் தொடங்கியதைப் பார்த்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை. குறைகளும் உண்டு. எங்கள் பழைய லேசர் பிரிண்டர் லினக்ஸில் இன்னும் ஒழுங்காக வேலை செய்யவில்லை. டேலி என்ற கணக்கு மென்பொருளைக் கற்க விரும்பிய இருவருக்கு, அது விண்டோஸுக்கானது என்பதால், எங்களால் உதவ முடியவில்லை.

மதுரையில் அலுவலகமோ கடையோ நடத்தும் நண்பர்கள் பழைய கணினிகளை இரும்புக்கடையில் எடைக்குப் போடுவதற்கு முன் எங்களைப் போன்ற படிப்பகங்களை நினைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கணக்கு விவரங்கள் வெளியே போய்விடுமோ என்ற அச்சத்தால்தான் பலரும் கொடுக்கத் தயங்குகிறார்கள். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி நீங்களே வைத்துக்கொண்டு மீதியைக் கொடுங்கள். எப்படியும் நாங்கள் முதலில் மாற்றுவது அதைத்தான்.