ஒன்றரை லட்சம் அரசுக் கட்டணம் இல்லை

தம்பி, கத்தார் வேலைக்கு ஏஜென்ட் கேட்கும் ஒன்றரை லட்சம் "அரசு நிர்ணயிச்ச கட்டணம்"னு எழுதியிருக்கீங்க. இல்லவே இல்லை. 1983 குடிபெயர்வுச் சட்டத்தின் விதிப்படி, பதிவு பெற்ற ஏஜென்ட் அதிகபட்சம் 30,000 ரூபாய்தான் வாங்கலாம். 18% ஜிஎஸ்டி சேர்த்து 35,400. ரசீதும் தரணும். மன்னார்குடியில மாடிக்கு மாடி ஏஜென்ட் பலகை தொங்குது, அதுல யாருக்குப் பதிவு இருக்குன்னு மத்திய அரசோட இ-மைக்ரேட் தளத்துல பார்த்துட்டு, வேலைக்குப் போறவங்க நகையை அடகு வைக்கட்டும்.

விசிட் விசாவுல போய் அங்கே வேலை விசாவா மாத்திக்கலாம்னு நீங்க சொல்றது இன்னும் மோசமான யோசனை. பத்தாவது முடிக்காதவங்க பாஸ்போர்ட் பெரும்பாலும் ஈசிஆர் வகை, அதாவது வெளிநாட்டு வேலைக்குப் போக அரசு அனுமதி தேவைப்படுற வகை. கத்தார் உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அவங்களுக்கு எமிகிரேஷன் கிளியரன்ஸ்ங்கிற அந்த அனுமதி கட்டாயம். விசிட்டுல போனா அந்த அனுமதியும் கிடையாது, அதோட வர்ற 10 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடும் கிடையாது. தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் ஆள் எடுக்குது, முதல்ல அங்கே விசாரிங்க.