டி.ஆர். ஹார்ட்டனின் வளர்ச்சி 2020-இல் தொடங்கியதன்று
கொரோனாக் காலத்துக் குறைந்த வட்டியால்தான் டி.ஆர். ஹார்ட்டன் அமெரிக்காவின் முதலிட வீடுகட்டும் நிறுவனமானது என்று சொல்வது சரியன்று. 1978-இல் டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த்தில் தொடங்கி, 1992-இல் பங்குச்சந்தைக்கு வந்து, பல ஊர்களில் வேரூன்றியிருந்த கட்டுமான நிறுவனங்களை ஒவ்வொன்றாக வாங்கி வளர்ந்த அந்நிறுவனம், ஷூலர் ஹோம்ஸையும் இணைத்துக்கொண்ட 2002-ஆம் ஆண்டிலேயே வீடுகளின் எண்ணிக்கையில் முதலிடத்தைப் பிடித்துவிட்டது. குறைந்த வட்டி விற்பனைக்குத் துணைநின்றது உண்மையே. ஆனால் வட்டி ஏறிய பிறகும், 2024 நிதியாண்டில் அது ஏறத்தாழ 90,000 வீடுகளை ஒப்படைத்தது. இதில் மனைகளைக் கையாளும் முறைக்குப் பெரும் பங்குண்டு என்பது என் கணிப்பு: பணத்தையெல்லாம் நிலத்தில் முடக்காமல், பெரும்பாலான மனைகளுக்கு முன்பணம் கட்டி ஒப்பந்தம் செய்துகொண்டு, சாலையும் குடிநீர்க் குழாயும் போட்டுத் தயாரானவற்றைத் தேவைக்கேற்ப வாங்கிக்கொள்கிறது. மனை உருவாக்கும் ஃபோரெஸ்டார் நிறுவனத்தின் 75 விழுக்காட்டுப் பங்கை 2017-இல் வாங்கியது இம்முறைக்கு மேலும் வலுவூட்டியது.