ஹாஷ் போட்டா மறைஞ்சிடுமா?

திங்கட்கிழமை ராத்திரி ரத்ததானக் குழுவுல நடந்த கூத்தைத்தான் எல்லாரும் பார்த்தீங்களே, ஸ்கிரீன்ஷாட் வேற சுத்துது. பார்க்காதவங்களுக்கு ஒரே வரி: ரெண்டு குழுவுக்கும் பொதுவான டோனர் யாருன்னு பார்க்க, நம்ம டோனர் பட்டியலை முழுசா இன்னொரு குழுவுக்கு அனுப்பிட்டாங்க. ரெண்டு பட்டியல்லயும் பொதுவா யாரு இருக்காங்கன்னு பார்க்க, முழுப் பட்டியலைத் தூக்கிக் கொடுக்கத் தேவையே இல்லை. இதைச் சொன்னதுக்குத்தான் எனக்கு "ஓவர் டெக்னிகல் அண்ணன்"னு பட்டம்.

"நம்பரை ஹாஷ் போட்டுத்தானே அனுப்பினோம்?" ஹாஷ்னா எண்ணைக் கணக்குப் போட்டுப் புரியாத எழுத்துக்கோவையா மாத்துறது; நேராத் திருப்ப முடியாது, ஆனா ஒரே எண்ணுக்கு எப்பவும் ஒரே கோவைதான். தம்பி, நம்ம ஊர் மொபைல் எண் 6, 7, 8, 9-லதான் தொடங்கும். பத்து இலக்கம். ஆக மொத்தம் 400 கோடி. கேம் ஆடுற கம்ப்யூட்டர் போதும், அத்தனைக்கும் ஹாஷ் போட்டு உங்க ஃபைலோட ஒப்பிட்டா டீ ஆறுறதுக்குள்ள எல்லா நம்பரும் வெளிய வந்துடும். சிக்னல்ங்கிற மெசேஜ் ஆப்காரங்க 2014-லயே இதை விலாவாரியா எழுதிட்டாங்க. கொசுவலையைப் போர்த்திக்கிட்டு மறைஞ்சுட்டேன்னா எப்படி?

வழி இல்லாமலா இருக்கு? பிரைவேட் செட் இன்டர்செக்‌ஷன்னு பேரு. என் எண்கள் மேல என் ரகசியச் சாவியால ஒரு பூட்டு போட்டு உங்களுக்கு அனுப்புவேன், அதுமேல நீங்க உங்க பூட்டைப் போடுவீங்க. உங்க எண்களுக்கும் அதே மாதிரி, முதல்ல நீங்க, அப்புறம் நான். எந்தப் பூட்டு முதல்ல விழுந்தாலும் முடிவு ஒண்ணா வர்ற மாதிரி கணக்கு. பூட்டு ரெண்டும் விழுந்த பிறகு ஒப்பிட்டா பொதுவான ஆளுங்க மட்டும்தான் தெரிவாங்க. மத்தது வெறும் குப்பை எழுத்து. சாவி கையில இல்லாததால 400 கோடியையும் போட்டுப் பார்க்கிற வேலையும் நடக்காது. கேதரின் மெடோஸ்ங்கிற குறியாக்க ஆய்வாளர் 1986-ல எழுதின யோசனை இது. கூகுள் 2019-ல இதே வகையில நிரலே இலவசமா வெளியிட்டுச்சு. நானே உட்கார்ந்து செஞ்சு தர்றேன்னும் சொன்னேன். யாரு கேட்டா!

"எதிராளி ஊர்ல உள்ள நம்பரையெல்லாம் தன் பட்டியல்னு போட்டா?" போடலாம். எத்தனை எண் போடலாம்னு வரம்பு வைக்கணும். சரி, ஒத்துக்கறேன்.

"உயிர் போற நேரத்துல கணக்குப் பாடமா?" இதுதான் சுருக்குன்னு தைச்சது. திங்கட்கிழமை யார் உயிரும் போகலை. ஒரு தடவை ரத்தம் கொடுத்தா அடுத்த தடவைக்கு ஆணுக்கு 90 நாள், பெண்ணுக்கு 120 நாள் இடைவெளி வேணும். ரெண்டு குழுவும் ஒரே ஆளை மாத்தி மாத்திக் கூப்பிடக் கூடாதுன்னு பார்க்கிற வேலை அது. ஒரு வாரம் பொறுத்தா என்ன? ஆறு வருஷமா அர்த்தராத்திரியில பைக் எடுத்துட்டு ஓடினவன் நான். எனக்கு உயிரோட அருமை தெரியாதாம். நேத்து சேர்ந்தவர் சொல்றார், நாலு பேர் சிரிச்ச பொம்மை போடுறாங்க.

என் சித்தி பொண்ணு ஓ நெகடிவ். நான் கெஞ்சித்தான் பேர் கொடுத்தா. போன வருஷம் இதே மாதிரி ஒரு லிஸ்ட் எங்கேயோ கசிஞ்சு, ராத்திரி பதினோரு மணிக்கு "டோனர் மேடம், தூங்கிட்டீங்களா"ன்னு ஒருத்தன். மூணு வாரம். அவ நம்பரை மாத்தினா. புது நம்பரையும் நான்தான் வாங்கிப் பட்டியல்ல சேர்த்தேன்.

நேத்து அவகிட்டேர்ந்து மெசேஜ்: "அண்ணா, என் பேரை எடுத்துடு." எடுத்துட்டேன், என் ஃபைல்லேர்ந்து.